கதவில் போட்ட வட்டம்

பெற்றவர்கள் வைத்த பெயரில் அவளை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அகதிகள் முகாமின் தகர வீடுகளுக்கு அவள் ஊசியக்கா. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். வாய் கொஞ்சம் நீளம், கை மட்டும் பூ மாதிரி.

கடைசி வரிசைக்குப் புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் நான்கு வீடுகளில் ஊசி போட்டு முடித்து, கதவுகளில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வந்தாள். எந்த வீடு முடிந்தது என்று தெரிய அவள் வழக்கமாகச் செய்வதுதான் அது.

மறுநாள் போனால் வட்டங்களை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். வரிசை முழுக்கக் கதவடைப்பு. தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். பக்கத்து வரிசையில் இரண்டு பிள்ளைகள் தட்டம்மையில் படுத்திருந்தார்கள். இங்கே கடைசி வீட்டிலோ பத்து மாதக் குழந்தை ஒன்று ஊசி போடாமல் இருந்தது. ஊசியக்கா அந்த வீட்டுக் கதவை ஓங்கித் தட்டினாள். பயம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வந்துவிடும்.

"ஏம்மா, நான் என்ன புள்ள புடிக்கிறவளா? கதவத் தொற!"

கதவு நாலு விரல் அளவு திறந்தது. குழந்தையின் தாய் எட்டிப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க ஊர்ல பகல்ல கதவுல குறி போட்டுட்டுப் போவாங்க. இருட்டினதும் வந்து அந்த வீட்டு ஆம்பளைங்களக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. எங்கண்ணன அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரல."

கதவில் போடும் குறி இப்படியும் பயமுறுத்தும் என்று பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லையே என ஊசியக்காவுக்கு வெட்கமாக இருந்தது. சாக்பீஸை எடுத்துச் சாக்கடையில் போட்டாள்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. இனிமே எந்தக் கதவுலயும் கை வைக்க மாட்டேன். ஊசி போட்டதும் அட்டையில எழுதி உன் கையிலயே குடுத்துடுறேன். நான் கேட்டா நீ காட்டு, போதும்."

"உங்களுக்கு மேல இருக்கறவங்க வட்டம் எங்கேன்னு கேட்டா?"

"கேக்கட்டும். அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

தாய் கதவை விரியத் திறந்தாள்.

குழந்தை கூரை அதிர அழுது ஓய்ந்தது. தாய் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அட்டையுடன் வெளியே வந்து, தானே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பயப்படாதீங்க, தொறங்க. நம்ம அக்காதான் வந்திருக்காங்க."

வந்து ஒரு வாரம்கூட ஆகாதவள் சொன்ன அந்த 'நம்ம' ஊசியக்காவின் கண்ணை நிறைத்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனாள். கதவு திறந்தது.