காளியைக் கலக்க மாட்டேன்

நான் அகப்பட்டுக்கொண்டதற்குக் காரணம் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பு. மற்றபடி அந்த விளையாட்டை ஆடியதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை.

கையடக்கக் கருவியில் ஆடும் ஜப்பான் விளையாட்டு அது. உலகத்துச் சாமிகளெல்லாம் அதில் எதிரே வருவார்கள். பேசி, கெஞ்சி, கேட்டதைக் கொடுத்து அவர்களை நம் அணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் காளியும் உண்டு. அதனால்தான் இணையத்தில் அத்தனை சண்டை. தெய்வத்தைப் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கொதித்தது. கதை அபாரம், ஆனால் ஆளைக் கொல்லும் கஷ்டம் என்றார்கள் விமர்சகர்கள். தொட்டுக்கூடப் பார்க்காமல் பூஜ்ய மதிப்பெண் போட்ட புண்ணியவான்களும் இருந்தார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது. இங்கே பர்மாவில், லத்தா வட்டாரத்து மொத்தக்கடையில் பில் போட்டுவிட்டு, தின்கன்ஜூனில் இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் துணை. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் ஆடலாம். பர்மிய மொழி இணையப் பக்கம் ஒன்றில் அதைப் புகழ்ந்து எழுதி, கருவியைப் பிடித்திருக்கும் என் கையையும் படமெடுத்துப் போட்டேன். தீமிதிக்குக் கட்டிய காப்பு அதில் பளிச்சென்று தெரிந்தது. மறுநாளே விஷயம் கோவில் நிர்வாகத்துக்குப் போய்விட்டது.

நிர்வாகத்தில் மூத்தவரை எல்லோரும் மாமா என்போம். என்னைக் கோவிலுக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஏம்மா, வெரதத்துல இருக்கிற புள்ள செய்ற வேலையா இது? இந்த வருசம் நீ தீ எறங்க வேணாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா ஆபரேஷனில் பிழைத்து எழுந்ததற்காக நான் வேண்டிக்கொண்ட தீமிதி அது. அதைத் தடுக்க இவர் யார்?

“நீங்க வெளாடிப் பாத்தீங்களா மாமா?”

“சாக்கடைன்னு தெரிய உள்ள எறங்கணுமா?”

“போன வருசம் ஆத்தா அருள் வந்து சேவல் கேட்டப்ப, எலுமிச்சம்பழத்தோட முடிச்சுக்கன்னு நீங்க பேரம் பேசலையா? அதத்தான் நான் இதுல செய்றேன்.”

பக்கத்தில் நின்ற இளவட்டங்கள் பர்மியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அத அழிச்சிரு. அப்புறம் எறங்கலாம்.”

“அழிச்சா ஆத்தாவும்ல போயிரும். மாட்டேன்.”

அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். கடைசிக் கட்டத்தில் ஜெயிக்க வேண்டுமானால் இரண்டு சாமிகளைக் கலந்து ஒரு புதிய சாமியை உண்டாக்க வேண்டும். கலந்தவை மறைந்துபோகும். காளியைக் கலந்தால் சுலபமாக ஜெயிக்கலாம் என்று விமர்சனம் எழுதிய அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதனால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

“ஆத்தாள விட்டுக்குடுக்காம தோக்குறவ நான். எனக்கா வெரதம் இல்லேங்குறீங்க?”

“பேச்செல்லாம் வேணாம். காப்ப அவுத்துரு.”

கையை நீட்டினேன். “தீ மிதிக்கிறதுக்கு முன்னால காப்ப அவுத்தா ஊருக்கு ஆகாதுன்னு சொன்னது நீங்கதானே மாமா? அவுக்கிறதா இருந்தா நீங்களே அவுங்க.”

மாமா என் மணிக்கட்டைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பூசாரி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். நிர்வாகத்தில் ஒருவர்கூடக் கிட்டே வரவில்லை. யாராவது துணிந்து அவிழ்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

அந்தக் காப்போடுதான் தீ மிதித்தேன். அம்மா கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள். என் உள்ளங்காலில் ஒரு கொப்புளம். அதைப் பார்த்து மாமா அர்த்தத்தோடு தலையாட்டினார். தீ மிதித்துவிட்டு அவரும் நொண்டிக்கொண்டுதான் நின்றார்.

பூசாரி காப்பை அவிழ்த்ததும் பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கருவியைத் திறந்தேன். காளியைக் கலக்கலாமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன்.

ஆத்தாவும் நானும் மறுபடியும் தோற்றோம்.