மூன்று ஓட்டைத் துணி

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் அம்மாவும் நைனாவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் சத்தம் இருக்கும், ஏதாவது ஒரு பாத்திரம் உருளும். எங்கள் வீட்டில் சோறு வேளைக்கு வெந்தது, நைனாவின் சட்டைகள் துவைத்து மடிக்கப்பட்டன, நைனா சம்பளம் வாங்கினதும் சாமான்கள் வந்தன. பேச்சு மட்டும்தான் இல்லை.

அந்தக் குறையை நான் தீர்த்து வைத்தேன். அடுப்படியில் இருந்து அம்மா, “சாப்பிட வரச் சொல்லு” என்பாள். நான் கூடத்துக்கு வந்து, “நைனா, சாப்பிட வரணுமாம்” என்பேன். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்கூட முழுதாகக் கிடையாது. அம்மா சொல்வது நைனாவுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் வந்து சொல்லும்வரை அவர் தலையைத் தூக்கமாட்டார். இந்த வேலையில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது என்று நம்பிக்கொண்டு பெருமையாகத் திரிந்தேன்.

நைனா அரக்கோணத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட்டில் கேட்டுக்காரராக இருந்தார். மாசி மாதத்தில் பள்ளிப்பட்டில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். செய்தி வந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நைனா அப்போது கேட்டில் இருந்தார். அவரை மாற்றிவிட வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். வேறு ஆள் வந்து சேர்ந்து, நைனா பள்ளிப்பட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நைனா வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குத் திருப்பின முகம்தான். தாத்தா செத்ததும் நைனா தாமதமாக வந்ததும் எனக்குத் தெரியும். அதற்கும் வீட்டில் பேச்சு நின்றதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை.

புரட்டாசியில் அத்தை வந்தாள். நைனாவின் தங்கை. அரக்கோணத்தில் ஒரு பாய் நடத்துகிற கடையில் வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் சீட்டுக் கவர் தைக்கிற வேலை அவளுக்கு. கடைக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று ஒரு தோள்பையும் ஒரு பெரிய கத்தரிக்கோலுமாக வந்து இறங்கினாள். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். பக்கத்து வீட்டம்மா எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, நாத்தனார் வந்தாச்சா, இனிமேல் உங்கள் வீட்டில் கச்சேரிதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். கச்சேரி ஒன்றும் நடக்கவில்லை. வந்த முதல் நாள் முழுக்க அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து, நான் அங்கும் இங்கும் நடந்து செய்தி சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பிடும்போது என்னைத் ‘தபால்காரம்மா’ என்று கூப்பிட்டாள். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது. அம்மாவும் நைனாவும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி அறிவித்தார்கள். ஆளுக்கொரு விளையாட்டு செய்து கொண்டுவர வேண்டும். எறிந்து ஆடுகிற விளையாட்டாக இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஆட முடிய வேண்டும், ஒரு பைக்குள் அடங்க வேண்டும், கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது. டீச்சர் சொன்ன நிபந்தனைகளை நான் ஒப்பித்தபோது அத்தைக்குக் கண் விரிந்தது. எனக்கு உதவி செய்கிறேன் என்று சொன்னவள் மறுநாள் காலையிலேயே எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டி, ஓட்டை வெட்டி, சுவரில் சாய்த்து வைத்தோம். கூடத்தில் நன்றாக இருந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனதும் ஊரை ஒட்டிய மலைப்பக்கம் இருந்து வந்த காற்று அதைத் தூக்கி அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டது. பிறகு சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களின் கழுத்தில் விழும்படி எறிந்தோம். வெளியில் இது நின்றது. ஆனால் கூடத்தில் ஒரு வளையம் பாட்டிலை விட்டுவிட்டு அம்மாவின் எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது. மாடியிலும் நிம்மதியில்லை. மலைக்கோயிலில் இருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், மூடியைத் திருகத் தெரியாமல், எங்களைப் பார்த்தபடியே கடித்தது. மீதி பாட்டில்களை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே ஓடிவந்தேன்.

அன்று சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க அம்மா ஓடினாள். டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்த நைனாவும் பின்னால் ஓடினார். நானும் அத்தையும் மாடிப்படியின் கூரைக்கடியில் நின்றோம். அம்மா பெரிய போர்வையைக் கொடியிலிருந்து இழுத்தாள். அதன் ஒரு முனை தரையில் விழப்போனதை நைனா பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அதை உதறி, கிட்டே வந்து முனையோடு முனை சேர்த்து, விலகி, மறுபடி கிட்டே வந்து மடித்தார்கள். மடித்ததும் அம்மா வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள். நான் மழையில் உருண்டு போன ஒரு டியூப் வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் அந்த வெறும் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவள் நைனாவின் லுங்கி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கி, நிறம் வெளுத்திருந்தாலும் நூல் கெட்டியாக இருந்தது. அதை வெட்டி விரித்து மூன்று வட்டமான ஓட்டை போட்டாள். ஒரு ஓரத்தில் பெரியது, மறு ஓரத்தில் அதைவிடச் சின்னது, நட்டநடுவில் பந்து மட்டும் நுழைகிற அளவுக்கு ஒன்று. ஓட்டைகளின் விளிம்பில் சிவப்பு ரெக்சின் வைத்துத் தைத்தாள். அடியில் கொசுவலைத் துண்டில் மூன்று பைகள். பந்துக்குள் பஞ்சும் நடுவில் கொஞ்சம் புளியங்கொட்டையும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியைப் பிடிக்க வேண்டும். ஒருவர் தூரத்தில் நின்று எந்த ஓட்டை என்று சொல்லிவிட்டுப் பந்தை எறிய வேண்டும். பந்து துணியில் விழுந்ததும், பிடிப்பவர்கள் துணியை ஏற்றி இறக்கி அந்த ஓட்டைக்கு ஓட்டிவிட வேண்டும். காற்று இதை ஒன்றும் செய்யாது, குரங்குக்கும் இதில் சுவை இருக்காது. சுருட்டினால் அக்குளில் அடங்கிவிடும்.

எனக்கு ஒரு குறை இருந்தது. ஆள் பிடிப்பதற்குப் பதிலாக நாலு பைப்பை நட்டு ஒரு ஸ்டாண்டு வைத்தால் நான் தனியாகவே ஆடலாமே என்றேன். அத்தை நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, ஸ்டாண்டு வேண்டாம், ஆள் பிடித்தால்தான் இது ஆட்டம் என்றாள். எத்தனை கெஞ்சியும் அவள் மசியவில்லை.

நைனாவுக்கு ஓய்வு நாள் வந்தபோது மாடியில் ஆடிப் பார்த்தோம். ஒரு பக்கத்து இரண்டு முனைகளை நைனாவும் எதிர்ப்பக்கத்து முனைகளை அத்தையும் பிடித்தார்கள். நாலைந்து பந்து எறிந்திருப்பேன். அத்தை தனக்குத் தோள் வலிக்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டாள். நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து உட்காருகிறவளுக்குத் துணியைப் பிடித்ததில் தோள் வலித்ததை அம்மாவும் நம்பியிருக்கமாட்டாள். தனக்கு வேலை இருக்கிறது என்றாள். பாப்பாவுக்கு மார்க்கு போடுவார்கள் அண்ணி, கொஞ்ச நேரம்தான் என்று அத்தை என் தலையில் கையை வைத்துச் சொன்னாள். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் துணியின் முனைகளைப் பிடித்தாள்.

நான் நடு ஓட்டை என்று சொல்லி எறிந்தேன். பந்து துணியில் விழுந்து நைனாவின் பக்கம் உருண்டது. அம்மா என்னைப் பார்த்து, “தூக்கச் சொல்லு” என்றாள். நான் வழக்கம்போல நைனாவிடம் திரும்பி, “நைனா, தூக்கணுமாம்” என்றேன். பந்து கீழே விழுந்து மாடிப்படியில் உருண்டு இறங்கிப் போயிற்று. அதை எடுத்து வந்து மறுபடி எறிந்தேன். மறுபடி அதேபோல ஆயிற்று.

அத்தை தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். “தபாலு வந்து சேர்றதுக்குள்ள பந்து பூடுதே அண்ணி. நீங்களே சொல்லிடுங்க” என்றாள்.

நான் சலித்துப்போய் மூன்றாவது முறை எறிந்தேன். பந்து நைனா பக்கத்து ஓரத்துக்கு ஓடியது.

“தூக்குங்க” என்றாள் அம்மா.

நைனா தூக்கினார். பந்து அம்மாவை நோக்கி வந்தது. “இப்போ நீ” என்றார் நைனா. “இந்தாண்ட, இந்தாண்ட, மெதுவா” என்றாள் அம்மா. பந்து நடு ஓட்டையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. நான் குதித்துக் கத்தினேன். நடு ஓட்டையில் விழுந்ததே, அதற்காக. அம்மா குனிந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவர்களுக்கு ஆடவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு தினமும் ஆடினோம். நைனா எந்த நேரத்துக்கு வந்தாலும், சாயங்காலம் இருட்டுவதற்குள் கொஞ்ச நேரம் மாடியில் துணி விரியும். மழை வந்தால் இரண்டு பேரும் அதைப் பிடித்தபடியே படியிறங்கிக் கூடத்துக்கு வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். முதலில் தூக்கு, இறக்கு, இந்தாண்ட, அந்தாண்ட என்ற நாலு வார்த்தைதான். பிறகு, சாயந்திரம் பால் வாங்கினீங்களா என்பது போல ஒன்றிரண்டு சேர்ந்தது. எறிவது என் வேலை. ஆனால் வரவர எனக்கு முறை வருவதே குறைந்துகொண்டு போனது. பந்து ஓட்டையில் விழுந்த பிறகும் அதை எடுத்துத் தராமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அப்படித்தான். அத்தை காபித்தூள் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் எறிந்த பந்து எந்த ஓட்டையிலும் விழாமல் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. இரண்டு பேரும் அசைக்கவில்லை. அசைத்தால் ஓட்டையில் விழும், கையை விட்டால் கீழே விழும்.

“எங்கப்பா மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும்னு உங்களுக்குத் தோணலியா?” என்றாள் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. பல மாதமாக உள்ளேயே வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது, சத்தமே இல்லாமல் வந்தது.

“கேட்டை யார்கிட்ட உட்டுட்டு வர்றது? வண்டி வந்துகினே இருந்துச்சு” என்றார் நைனா. பிறகு, “மறுநா விடிஞ்சதும் நான் மட்டும் சுடுகாட்டுக்குப் போயி நின்னுட்டுதான் வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட சொல்ல வாய் வரல” என்றார்.

பந்து லேசாக ஆடியது. அம்மாவுக்குக் கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் துணி இருந்தது. அவள் பிடித்திருந்த முனைகளையும் தானே வாங்கிக்கொள்வதற்காக நைனா அவளிடம் போனார். பந்து உருண்டு தரையில் விழுந்தது. இது கணக்கில் சேருமா சேராதா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு பந்தை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். கடையிலிருந்து வந்த அத்தையிடம் புகார் சொன்னேன். அத்தை மாடிப்படியில் இரண்டு படி ஏறி, நின்று, சத்தமில்லாமல் இறங்கிவந்தாள். எனக்குச் சர்க்கரை தூக்கலாகக் காபி போட்டுக் கொடுத்து, அவர்கள் வருகிறபோது வரட்டும் என்று தன்னோடு உட்கார வைத்துக்கொண்டாள்.

கண்காட்சியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் துணியைப் பிடித்தார்கள். ஒருத்தி உயரம், ஒருத்தி குட்டை. பந்து குட்டைக்காரியின் முகத்துக்கே போனது. மார்க்கு போட வந்த பெரியவர் தையலைத் தடவிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, நல்ல விளையாட்டுதான், ஆனால் மூன்று பேர் இல்லாமல் ஆட முடியாதே, ஒரு ஸ்டாண்டு வைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னேனே, ஸ்டாண்டு வைக்கலாம் என்று சொன்னேனே, உன்னால்தான் எல்லாம் போச்சு என்று காலை உதைத்துக்கொண்டு கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்னை அதட்ட வாயெடுத்தாள். அத்தை அவளைக் கையமர்த்திவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “ஆங், அத்தைக்கு இன்னா தெரியும்? சீட்டுக் கவர் தைக்கிறவதானே. நீ சொன்னத கேட்டிருக்கணும்” என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கடைக்குக் கூரை போட்டு முடித்துவிட்டார்கள் என்று பாய் ஓர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அத்தை கிளம்பினாள். வழக்கமாக அவளை நைனா மட்டும் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் ரயிலேற்றிவிடுவார். அன்றைக்கு அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். எல்லோரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் அத்தையோடு பேசவில்லை என்பதை அவளுக்குக் காட்டுவதற்காக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரக்கோணம் போகிற மின்சார ரயில் வந்து நின்றது. நைனா பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை நுழைத்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரும் அண்ணியும் அப்படிக் கைகோத்து நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். ரயில் நகரத் தொடங்கியும் அம்மா கையை விடாமல் பிளாட்பாரத்தில் கூடவே நடந்தாள். நைனா, “போதும் வா, வண்டி எடுத்துட்டான்” என்று அவள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார்.

பரிசு கிடைக்காமல் போன வருத்தத்தில் அத்தை அழுகிறாள், அம்மா அவளுக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. என் கோபம் அத்தோடு போய்விட்டது. பாவம், தோற்றுப்போனவளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று, தூரத்தில் போய்க்கொண்டிருந்த ரயிலைப் பார்த்து நானும் கையசைத்தேன்.