ஸ்டோர் அடுப்புக்குப் போன கதவு

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ஒரே ஒரு பாதை. காலையில் அதில் விறகு லொறி ஏறும். பின்னேரம் தேயிலை லொறி இறங்கும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பில் விறகு சாம்பலாகும். அந்தச் சூட்டில் உலர்ந்த தேயிலை ஹட்டன் வழியாகக் கொழும்புக்குப் போகும். லயத்தின் தகரங்களுக்கு மேலே நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெரிய மின்கம்பிகள் நகரங்களைப் பார்த்துப் போகின்றன. இவை எதுவும் எங்களிடம் நிற்பதில்லை. எங்களுக்கு மிஞ்சியது சுள்ளி. காற்றில் விழுந்த கிளைகளையும், கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சியான மிலாறையும் பெண்கள் வேலை முடிந்து தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். யாரும் அனுமதி கேட்டதில்லை.

கேஸும் டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போன வருடத்தில் அது மாறியது. விறகு லொறி வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. இனி விழுந்த சுள்ளியும் ஸ்டோருக்கே என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அறிவித்தார்கள். அதைக் காக்கும் வாச்சர் என் அப்பா. நான் வேலை பார்த்த பத்திரிகை, தாள் இல்லாமல் பக்கங்களைக் குறைத்தபோது ஆட்களையும் குறைத்தது. நான் லயத்துக்குத் திரும்பியிருந்தேன்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இருந்தார். அவருடைய மகளுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தது. சூடாக வைத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மழை மாதம். அடுப்புக்கு மேலே கட்டினால்தான் துணி காயும்.

பெரட்டில் அறிவித்த மூன்றாம் நாள் அக்கா மிலாறு கட்டோடு அகப்பட்டார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில் நின்றேன்.

“எறக்கு தங்கச்சி.”

“அண்ணே, பச்சப்புள்ள வீட்ல இருக்கு. துணி காயல.”

“புள்ள ஒன்னோடது. மிலாறு தோட்டத்தோடது.”

“நேத்து ஒங்க வீட்டுப் பொகையப் பாத்துட்டு, ரெண்டாவது ஸ்டோரு தெறந்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அப்ப அங்க வந்து வேல கேளு.”

அப்பா சிரித்துக்கொண்டே கயிற்றை அறுத்தார். பாதி ஸ்டோருக்குப் போனது. மீதியை என் தோளில் ஏற்றினார். நான் சுமந்துவந்தேன். அந்த மழைக்காலத்தில் எங்கள் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. வெந்நீரில்தான் குளித்தேன்.

மறுநாள் அம்மா ஒரு குடம் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்கு நடந்தார். அப்பா உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தார்.

“தண்ணி வேணும்னா குடு. சூட்டக் குடுக்காத. அது ஸ்டோருக்குச் சேர வேண்டியது.”

அம்மா நின்றார். குடத்தைச் சரித்து வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்றினார். ஆவி அக்காவின் வாசல்வரை போனது. வாங்கிக்கொள்ள ஏனத்தோடு வந்து நின்ற அக்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் விடியுமுன் சுவருக்கு அப்பால் கோடரிச் சத்தம் கேட்டது. எண்ணினேன், பத்திரிகைப் பழக்கம். பதினொரு வெட்டு. பிறகு பழைய பெயிண்ட் எரியும் வாசனை வந்தது. வெளிச்சமானதும் பார்த்தால் அக்காவின் வீட்டுக் கதவில் பாதி இல்லை. அந்த இடத்தில் உரச்சாக்கு தொங்கியது. அன்று பகலில் பிள்ளை சத்தமில்லாமல் தூங்கியது. பின்னேரம் காற்று சாக்கைத் தூக்கத் தொடங்கியதும் இருமியது.

கதவு தோட்டத்துச் சொத்து. அப்பா ஒப்பீசில் முறைப்பாடு சொன்னார். அக்காவைக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் காம்பரா என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

“உளுத்துப்போயி தானா விழுந்துருச்சுங்க ஐயா. விழுந்தத எரிச்சேன்,” என்றார் அக்கா.

பெரிய கிளாக்கர் என் பக்கம் திரும்பினார். “நீங்க பேப்பர்ல இருந்த ஆளு. சரியாச் சொல்லுங்க. என்ன கேட்டுச்சு?”

கேட்டதைச் சொன்னேன். கோடரி. விடியுமுன். பதினொரு வெட்டு. ஒன்று கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “பதினொண்ணா? நான் எண்ணல,” என்றார்.

அவருக்கு இரண்டு வாரம் வேலை நிறுத்தினார்கள். அதுவரை புதுக் கதவும் இல்லை என்றார்கள். மறுநாள் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வலப்பனையிலிருந்த புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஓடாத நாள். ஹட்டன் பாதைவரை மழையில் நடந்தே போனாள். இருமல் சத்தம் வளைவு திரும்பும்வரை கேட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று பிறகு அறிந்தோம். கதவில்லாத வீட்டுக்குப் பயந்து மகள் திரும்பி வரவில்லை. அக்கா அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சாட்சிக்காகக் கழற்றிவந்து ஒப்பீஸ் விறாந்தையில் சாத்திவைத்திருந்த மீதிப் பாதிக் கதவை, விசாரணை முடிந்ததும் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். நானும் போனேன். அடுப்புக்காரர் கீலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகைகளை உள்ளே தள்ளினார்.

“எவ்வளவு நேரம் எரியும்?” என்று கேட்டேன்.

“காஞ்ச பலக. பத்து நிமிஷம் தாங்காது.”

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு நிமிடம்.