இடது காதும் பூட்டுப் படமும்

பாண்டிமீனா ஃபோனை எப்போதும் இடது காதில்தான் வைப்பாள். அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதும் வலது ஓரத்தில்தான் உட்காருவாள். பேசுகிறவர்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும். கே.கே. நகர் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான். மற்றவர்களுக்கு அது வெறும் பழக்கம். வலது காது மந்தமாகிக்கொண்டே போவது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஃபோன் எடுப்பதுதான் வேலை. விஷயம் வெளியே வந்தால் அது போய்விடும் என்று பயந்தாள். கூலிக்கு நாற்று நட்டவர்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மருத்துவமனை வைஃபையில், காதுக் கருவி விற்கும் இணையதளத்துக்குப் போவாள். மேலே முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். பூட்டு இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று அவளாகவே நம்பியிருந்தாள்.

ஒரு நாள் காலையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹெட்செட் ஒன்று மேசையில் கிடந்தது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகேஷ் வைத்தது. அவனை மடக்கினாள்.

“உனக்கு எப்படித் தம்பி தெரியும்? நான் பூட்டப் பாத்துட்டுத்தானே உள்ள போறேன்?”

“அக்கா, எங்கம்மாகிட்ட நான் எங்க சௌராஷ்டிரா பாஷையில பேசுறப்ப உங்களுக்கு என்ன புரியும்?”

“ஒரு எழவும் புரியாது.”

“யார்கிட்ட பேசுறேன்னு தெரியுமா?”

“அதான் ஸ்கிரீன்ல ‘அம்மா’ன்னு பெருசா வருதே. ஆஸ்பத்திரிக்கே தெரியும்.”

“அம்புட்டுதான்க்கா பூட்டு. உள்ள என்ன படிச்சீங்கன்னு தெரியாது. எந்த சைட்டுக்குப் போனீங்கன்னு பேரு மட்டும் நம்ம வைஃபை லிஸ்ட்ல விழுந்துரும். நெட் ஏன் மெதுவா இருக்குன்னு பாக்கப் போனேன், உங்க ஃபோனுக்கு நேரா அதே பேரு தினமும் நிக்குது. டாக்டர் கேட்டா நான் காட்டித்தான் ஆகணும்.”

பேர் மட்டும்தான். ஆனால் அந்தப் பேருக்குப் பிறகு சொல்ல என்ன மிச்சம்? இதுவரை போன இடங்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வீட்டு நெட்டில் அந்தப் பேர்களை எல்லாம் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? பயத்தைவிட அந்தக் கேள்வி அவளை அதிகம் அரித்தது.

யாரோ காட்டி டாக்டருக்குத் தெரிவதைவிட, தானே சொல்லிவிடலாம் என்று அவர் அறைக்குள் போய்ச் சொன்னாள்.

“இம்புட்டு நாளா ஏம்மா சொல்லல? ஹெட்செட்ல கேக்குதா?”

“நல்லாக் கேக்குது டாக்டர்.”

“அப்ப போயி எடு. வெளிய ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு.”

வேலை நிலைத்தது. கார்த்திகேஷுக்கு மட்டும் அவள் இன்னும் ஒரு வார்த்தை பாக்கி. அது நன்றியா, ‘ஏன்டா பாத்த’ என்பதா? அவன் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறாள்.