பத்திரிகையில் இல்லாத பட்டம்

என் தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.இ. என்று அச்சாகியிருந்தது. பி.இ. உண்மை. எம்.இ. நான் படிக்கவே இல்லை. படித்தது எம்.எல்.ஐ.எஸ்சி., நூலக அறிவியல். இரண்டு வருடம் படித்துத் தேறி, ஒரு கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால்கூடக் காலில் கையில் விழுந்து சமாளித்துவிடலாம். பட்டம் விட்டுப்போனால் தாய்மாமன்கூடப் பந்தியில் உட்கார மாட்டார். அதனால் இது அச்சகத்துக்காரர் செய்த தப்பு என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. நேராக அப்பாவிடம் போனேன்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். யாராவது தெரியாமல் அவரை டிரைவர் என்று சொல்லிவிட்டால் போதும், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுக்காத குறையாக, "நான் ஊதாம எந்த வண்டியும் நகந்ததில்லை" என்று ஆரம்பித்துவிடுவார்.

"நாந்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார் கூசாமல். "எம்.இ.ன்னா ஊருக்கே தெரியும் ஆத்தா. நீ படிச்சதைப் போட்டா நான் வீட்டுக்கு வீடு நின்னு வெளக்கம் சொல்லணும். எஞ்சினியர் வேலையை விட்டுட்டு எம்மக பொஸ்தகம் அடுக்கப் போயிருக்குன்னு சொல்லவா? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

பொஸ்தகம் அடுக்குவது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்களில் ஒருவரும் நான் விட்ட வேலை என்னவென்று கேட்டதில்லை. குளத்தூர் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. எட்டு வருடம் போட்டேன். அங்கே ஒரு அறை நிறையப் பழைய வரைபடங்கள் குவிந்து கிடந்தன. ஒன்று வேண்டுமென்றால் அரை நாள் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் புதிதாக வரைவார்கள். சாப்பாட்டு இடைவேளைகளில் நான் அந்த அறைக்குள் போக ஆரம்பித்தேன். வகை பிரித்து, எண் போட்டு, பட்டியல் எழுதி முடிக்க நான்கு மாதம் ஆனது. அதன் பிறகு எந்த வரைபடம் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன்.

"இதெல்லாம் அட்டெண்டர் வேலைம்மா. ஒங்க படிப்புக்கு இது எதுக்கு?" என்றார் மேலாளர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு வருடத்தில் அந்த நான்கு மாதம்தான் காலையில் எழுந்தால் வேலைக்குப் போகவேண்டும் போல இருந்தது. இதற்கென்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது, எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது, இரண்டு வருடப் படிப்பை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு பத்திரிகைக் கட்டின் முன் உட்கார்ந்தேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மஞ்சத் தடவுன பத்திரிகைடி. அடிச்சுத் திருத்துனா நல்லாவா இருக்கும்?"

அது நியாயம். தம்பி என்ன பாவம் செய்தான்? பேனாவை மூடினேன்.

"சரி, அடிக்கலை. பத்திரிகை வைக்கப் போறப்ப நானும் கூட வாரேன். வாயால திருத்திக்கிறேன்."

அப்பா சிரித்தார். வரமாட்டேன் என்று நினைத்திருப்பார். மறுநாள் காலையில் ஸ்கூட்டரை நான் ஓட்ட, பையோடு அவர் பின்னால் உட்கார்ந்தார். முதல் வீடு குன்றாண்டார்கோவிலில், என் பெரியம்மா வீடு. வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு தட்டைப் பெரியம்மாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கினார்கள். தட்டு கை மாறியதும் சொன்னேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு பெரியம்மா. நான் எம்.இ. இல்லை. லைப்ரரி படிப்பு படிச்சு, லைப்ரேரியனா இருக்கேன்."

அப்பா நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா, "ஏண்டி, அதுக்கு எதுக்கு எஞ்சினியருக்குப் படிச்ச?" என்றாள். "அதைப் படிச்சதாலதான் இது வேணும்னு தெரிஞ்சிச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. ஒருவர் சம்பளம் கூடவா குறைவா என்று கேட்டார். குறைவு என்றேன். நான்காவது வீட்டில் அப்பா உஷாராகிவிட்டார். தட்டை நீட்டும்போதே, "மக எம்.இ. முடிச்சிருக்கு" என்று முந்திக்கொண்டார். "முடிக்கலைங்க" என்றேன். வீட்டுக்காரர் காபி குடிக்கச் சொன்னார். அப்பா குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வண்டியில் ஏறியதும் அவர் குரல் உடைந்திருந்தது. "எம்.இ.ன்னே இருந்தா ஒனக்கு என்ன ஆத்தா கொறைஞ்சு போச்சு? என்னை ஏன் இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிற?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். "டிரைவர்னு சொன்னா ஒங்களுக்கு என்னப்பா கொறையுது? அவங்களுக்குச் சம்பளம்கூட ஒண்ணும் கம்மியில்லையே."

அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "போ" என்றார். போனேன்.

ஐந்தாவது வீட்டில் கணவனும் மனைவியும் தட்டை வாங்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அப்பா முந்துகிறாரா என்று பார்த்தேன். அவர் பையின் வாயைக் கட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிரு ஆத்தா. இன்னும் நாப்பது வீடு கெடக்கு."

எம்.எல்.ஐ.எஸ்சி. என்று நான் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னேன்.