நதியா தொட்ட படங்கள்

ஜவ்வாது மலையில் பிஞ்சைப் பார்த்து யாரும் விரல் நீட்டுவதில்லை. நீட்டினால் பிஞ்சு அழுகிவிடும் என்று பயம். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே தங்கள் விரலையும் மடக்கிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் மாதம்மாளும் மகள் நதியாவின் விரலைக் கைக்குழந்தையாக இருந்தபோதே அடித்து மடக்கியவள்தான். நதியாவுக்குப் பேச்சு வரவில்லை. விரல் நீட்டுவதும் போனபின் மிச்சம் அழுகை மட்டுமே. ஒன்பது வயதுவரை வகுப்பின் மூலையில் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு வராத பிள்ளைகளுக்காகத் திருப்பத்தூரிலிருந்து செவ்வாய்தோறும் வரும் ஷோபனா டீச்சர்தான் படப்பலகை செய்துகொடுத்தார். தண்ணீர், சோறு, நாய், டீச்சர் என்று கட்டம் கட்டமாகப் படங்கள். சொல்ல நினைப்பதைத் தொட்டுக் காட்டினால் போதும். அந்த விரலைப் பிரிக்கவே ஆறு மாதம் ஆனது.

பிரிந்த விரல் முதலில் தண்ணீரைத் தொட்டது. பிள்ளைகள் போட்டிபோட்டு டம்ளரை நீட்டினார்கள். மாதம்மாள் அடுப்படியில் நின்று அழுதாள். அந்த வாரமே பள்ளிக்கூடத்து போர்வெல் வற்றியது. சரி, கோடை. அடுத்து நாயைத் தொட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்து நாய் புளியமரத்தடியில் விறைத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயமில்லை. பிறகு டீச்சர் படத்தைத் தொட்டவள், வெகுநேரம் விரலை எடுக்கவேயில்லை. அன்று மலையிறங்கும்போது ஷோபனாவின் ஸ்கூட்டர் கவிழ்ந்து கால் உடைந்தது.

ஊரார் சும்மா இருப்பார்களா? மறுநாள் காலையிலேயே வகுப்பு வாசலில் கூடிவிட்டார்கள்.

"அந்தப் பலகைய அடுப்புல போடு. இல்லாட்டி எங்க புள்ளைங்கள இட்டுக்கினு போய்ட்றோம்," என்றார் சுப்பிரமணி. அவர் மகனும் அதே வகுப்பு.

"போட்டுட்டா அவ எப்பிடிங்க எதையும் கேப்பா?" என்றாள் மாதம்மாள்.

"இத்தினி நாளு இன்னா கேட்டா?"

சுருக்கென்றது மாதம்மாளுக்கு. இத்தனை நாள் கேட்காததற்குக் காரணமே தானல்லவா. தன் அடையாள அட்டையிலிருந்த போட்டோவைப் பிய்த்தாள். சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, பலகையில் ஒட்டினாள்.

"எனக்கு எதுனா ஆச்சுன்னா இந்தப் பலகைய நீங்களே எரிச்சுடுங்க," என்று சுப்பிரமணியிடம் சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "இத்தத் தொடுடி."

நதியா பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். விரல் மெல்ல வந்து அந்த முகத்தின்மேல் உட்கார்ந்தது. மாதம்மாளுக்குப் பயம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஓடிவிடலாம் போலிருந்தது.

நதியா மறுபடி தொட்டாள். மறுபடி. மறுபடி. ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்பது அப்போதுதான் மாதம்மாளுக்கு உறைத்தது.

"இன்னாடி," என்றாள். "இங்கதான் இருக்கேன்."