ஆபரேஷனுக்கு வரோணும்

சும்மா கொடுப்பதை ஆண்டாயி நம்பமாட்டாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோது கொடுத்த கம்பளியைக்கூட முகர்ந்து பார்த்து, உதறி, ஒரு பகல் வெயிலில் போட்ட பிறகுதான் போர்த்திக்கொண்டாள். கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்றபோதும், இதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்று முனகிக்கொண்டேதான் கைநாட்டு வைத்தாள்.

லயத்து வரிசை வீடுகளில் அவளுடையது கடைசி வீடு. அதைத் தாண்டினால் சோலைக்காடு. கணவன் அய்யாவுக்கு ஃபாக்டரியில் மாதத்தில் பாதி நாள் ராத்திரி வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட காசு இன்னும் முந்தானை முடிச்சில் இருக்கிறது. கதவை எதுவோ உரசிக்கொண்டு போவதைக் கேட்டபடி தனியாகப் படுத்துக் கிடக்க அவளால் முடியவில்லை. ஒரு நாய் வேண்டும். ஊட்டியில் அநாதை நாய்களை வைத்துப் பராமரிக்கும் இடத்தில் கேட்டால் குட்டி தருவார்கள் என்று அய்யாவு விசாரித்து வந்தான்.

அது நெருக்கடி நிலைக் காலம். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் எந்த லயத்துக்கு வந்தது, ஆபரேஷன் செய்துகொண்டு யாருக்கு இனாம் வாளி கிடைத்தது என்பதுதான் கொழுந்து பறிக்கும் மலையில் பேச்சு.

காப்பகத்தில் கம்பவுண்டர் அம்புரோஸ் அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்தார். வேலை எங்கே, வீட்டுக்குக் கதவு இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகள் உண்டா என்றும் கேட்டார். நாய் கொடுக்கிறவருக்கு அது எதற்கு என்று ஆண்டாயிக்கு உறுத்தியது. இல்லை என்றதும் அவர் அய்யாவை ஒரு பார்வை பார்த்ததாகவும் தோன்றியது. அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டைக் குட்டி அவள் சேலை ஓரத்தைக் கடித்து இழுத்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பத்து ரூபா கட்டோணுமுங்க. ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷனுக்கு வரோணும். வந்தா அஞ்சு ரூபாயைத் திருப்பிக் குடுத்துருவோம். வரமாட்டேன்னா குட்டி கிடையாதுங்க," என்றார் அம்புரோஸ்.

ஆண்டாயி குட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். அய்யாவு கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டான்.

"வாளி குடுத்துப் பாத்தீங்க. இப்ப நாயா?" என்றாள். "எங்களுக்கு இன்னும் ஒண்ணுகூடப் பொறக்கலீங்க தொரை. இந்த மனுசனை விட்டுருங்க."

அம்புரோஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஆபரேஷன் உங்க ஊட்டுக்காரருக்கு இல்லீங்கம்மா. நாய்க்கு."

அய்யாவு கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஆண்டாயி சிரிக்கவில்லை. குட்டி மறுபடியும் சேலையைப் பிடித்திருந்தது. அவள் அதன் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்குச் சம்மதமான்னு கேட்டீங்களா?"

தெருவெல்லாம் குட்டிகள் பெருகிக் கிடப்பதையும், பாதி லாரியில் அடிபட்டுச் சாவதையும் அம்புரோஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. வருவீர்கள் அல்லவா என்று கடைசியாகக் கேட்டார். தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பது அய்யாவுக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் அவன் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். ஆறு மாசம் கழித்துக் குட்டியைக் கொண்டுபோனால் அஞ்சு ரூபாய், முழுசாக ஒரு நாள் சம்பளம், திரும்பி வந்துவிடும்.

"வராது," என்றாள் ஆண்டாயி, குட்டியின் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு.